சூடானதும் நின்றுவிடும் சத்தம்

ஜூலை 3, செவ்வாய்

இன்று காலை வண்டியைக் கிளப்பியபோது எஞ்சினிலிருந்து ஒரு புதுச் சத்தம் வந்தது. டிக், டிக், டிக் என்று, துணி வைக்காமல் தையல் மிஷினை மிதித்தால் வருமே, அது போல. அப்பா ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த அதுவும் வேகமாயிற்று.

எஞ்சினை ஓடவிட்டு இறங்கிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னேன். அவர் திரும்பவில்லை. முன்னால் போய் நின்று மறுபடி சொன்னேன்.

"ஆமா கண்ணு. நானும் ரெண்டு நாளாக் கேட்டுட்டுத்தான் இருக்கறேன்" என்றார்.

அந்த ரெண்டு நாளும் நானும் அதே வண்டியில்தான் இருந்தேன். எனக்குக் கேட்கவில்லையே என்று நினைத்தேன். ஒருவேளை தூங்கியிருப்பேன்.

எங்கள் பிக்கப்புக்கு வயது பதினான்கு. எனக்குப் பதினாறு. கோழிப் பண்ணையில் முட்டை ஏற்றிக் கரூர்க் கடைகளுக்குப் போடுவதுதான் எங்கள் ஓட்டம். செல்வம் என்று ஒருவர் அப்பாவோடு வண்டியில் போய்க்கொண்டிருந்தார். போன கார்த்திகையில் அவர் திருப்பூருக்குப் போய்விட்டார். "கூட ஒரு ஆள் இல்லாம முடியாது" என்று அப்பா சொன்னார். அதனால் பத்தாவது பாதியில் நின்று நான் வண்டிக்கு வந்தேன். முட்டை அட்டைகளை எண்ணி இறக்குவேன். மற்ற நேரம் இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பேன். முதல் நாளே அப்பா ஒரு வேலை சொன்னார். "பின்னாடி எவனாவது ஹாரன் அடிச்சா எனக்குச் சொல்லோணும். என் கையத் தட்டிச் சொல்லு." லோடு ஏற்றினால் பின்னால் எதுவும் தெரியாது, அதனால் அப்படி.

ஜூலை 4, புதன்

இன்றும் வந்தது. குளிர்ந்த எஞ்சினில் பெரிதாகக் கேட்கிறது. கரூர் வழியில் இருக்கும் வேலூரைத் தாண்டி எஞ்சின் சூடானதும் சுத்தமாக நின்றுவிடுகிறது. திரும்பி வரும்போது இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். நாமக்கல்லில் ஒரு டுடோரியல் இருக்கிறதாம். ஆகஸ்டில் சேர்ந்தால் பத்தாவதைத் தனியாக எழுதிவிடலாம். பண்ணையில் அம்மாவோடு முட்டை பொறுக்குபவர்களில் ஒருவரின் மகள் அப்படித்தான் எழுதினாளாம். "ஒங்கப்பா கிட்ட நானே பேசறேன், நீ ஒண்ணும் சொல்லாத" என்றாள். நான் எங்கே சொல்லப் போகிறேன்.

அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். ரசத்தைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

டுடோரியலை நினைத்தால் வருவது பயமா ஆசையா என்று தெரியவில்லை. ஆசை என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 6, வெள்ளி

லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது லியாகத் பாய் பட்டறைக்குப் போனோம். எங்கள் வண்டியை வாங்கியதிலிருந்து அவர்தான் பார்க்கிறார்.

பாய் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டே கேட்டார். "எப்ப வருதுங்கண்ணா, காலைல கிளப்புனதுமா, ஓடிச் சூடான பின்னாடியா?"

"ஆமா பாய்" என்றார் அப்பா.

"எதுக்கு ஆமாங்கறீங்க?" பாய் நிமிர்ந்தார். "சூடான பின்னாடியா?"

"ஆமாமா. சூடான பின்னாடிதான்."

நான் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். இல்லை, காலையில்தான் வருகிறது என்று சொல்ல வேண்டும். பட்டறையில் நான்கைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் என்னையே பார்ப்பது போலிருந்தது. கீழே குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தேன்.

பாய் எஞ்சினை உறும விட்டார். அது கரூரிலிருந்து ஓடி வந்த எஞ்சின். டிக் சத்தம் எங்கேயும் இல்லை.

"எனக்கொண்ணும் கேக்கலையே. உங்களுக்குக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குது" என்றார் அப்பா.

எனக்குக் கேட்கவில்லை.

சூடான பிறகு வருகிறதென்றால் டேப்பெட்டாகத்தான் இருக்கும் என்று பாய் முடிவு செய்தார். ஹெட் என்கிற எஞ்சினின் தலையில் வால்வுகளைத் தட்டிவிடும் கைகள் இருக்கின்றன. கைக்கும் வால்வுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகடு நுழையும் அளவு இடைவெளி விட வேண்டும். அது கூடினால் டிக் டிக் என்று அடிக்கும். மூடியைக் கழற்றி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"சத்தமே வராத மாதிரி நல்லா டைட்டா வச்சிருங்க பாய்" என்றார் அப்பா.

அப்போது பக்கத்தில் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. பாய் குனிந்தபடியே பதில் சொன்னார். "டைட்டா வச்சா சத்தம் வராதுதான். ஆனா சூட்டுல வால்வு விரியறதுக்கு எடம் இருக்காது, எரிஞ்சிரும். அப்பறம் ஹெட்டையே எறக்கோணும். பரவால்லீங்களா?"

"பரவால்ல பாய். பண்ணுங்க."

பாய் அப்பாவை ஒரு மாதிரி பார்த்தார். "வண்டிக்காரர் சொல்றாரு, நமக்கென்ன" என்று முனகிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தார்.

அப்பா தெரிந்துதான் சொல்லியிருப்பார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 7, சனி

காலையில் கிளப்பினோம். டிக், டிக், டிக்.

"பாத்தியா கண்ணு, சத்தம் போயே போச்சு" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"ஆமாங்கப்பா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூலை 11, புதன்

இன்று நடந்ததற்கு நான்தான் காரணம். கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன்.

முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. அதை முந்த அப்பா வலப்பக்கம் ஏறியபோதுதான் எனக்கு விழிப்பு வந்தது. பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு ஏற்கெனவே எங்களுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நான் அப்பாவின் கையை அடித்தேன். அவர் வண்டியை ஒடித்து பிரேக் போட்டார். மண்ணில் இறங்கி நின்றோம். பின்னால் அட்டைகள் சரியும் சத்தம் கேட்டது.

பஸ் டிரைவர் நிறுத்தி, தலையை வெளியே நீட்டினார். "யோவ், அரை மைலா அடிச்சுட்டு வர்றேன். காது என்ன செவிடா?"

அப்பா கையெடுத்துக் கும்பிட்டுச் சிரித்தார். என்ன திட்டினாலும் டிரைவர்கள் இப்படித்தான் சிரித்துச் சமாளிப்பார்கள்.

பின்கதவைத் திறந்தால் மஞ்சளாக ஒழுகியது. இருவரும் உடைந்ததை எல்லாம் தனியாக எடுத்து வைத்தோம். நல்ல முட்டைகளை என் துப்பட்டாவால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். வெயிலில் நாற்றம் தாங்கவில்லை. அப்பா ஒன்றும் திட்டவில்லை. "தூங்காத சாமி. என்ன ஆனாலும் தூங்காத" என்று மட்டும் சொன்னார். கெஞ்சுவது போலச் சொன்னார். திட்டியிருக்கலாம்.

ஜூலை 15, ஞாயிறு

ஓட்டம் இல்லை. சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். சித்தி அடுப்படியில் நின்றபடியே, வாசலில் செருப்பு மாட்டும் சித்தப்பாவிடம் சாமான் சொல்லி அனுப்பினாள். அவர் "சரி சரி" என்றபடியே போனார்.

எங்கள் வீட்டில் அப்படி இல்லை. அம்மா அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுந்து போய்த் தோளைத் தொட்டு, அவர் திரும்பிய பிறகுதான் சொல்லுவாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

அப்பா முன்பு ரிக் வண்டியில் இருந்தார். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் வண்டி. எங்கள் பக்கத்து ஆண்கள் பாதிப்பேர் அந்த வண்டியோடு வடக்கே போனவர்கள்தான். கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்று பன்னிரண்டு வருஷம். நான் பிறந்தது அவருக்கு ராய்ப்பூரில் வைத்துத்தான் தெரியுமாம். போனில் அம்மா கத்திக் கத்திச் சொன்னாளாம், "பொண்ணு, பொண்ணு" என்று. கம்ப்ரசர் சத்தத்தில் கேட்கவில்லை என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

இன்று அதைச் சித்தியிடம் சொல்லும்போது அம்மா சிரிக்கவில்லை.

ஜூலை 19, வியாழன்

வண்டி இழுக்கவில்லை. பாலத்து ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முக்கி முக்கி ஏறியது. சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். பின்னால் புகை. காலையில் கிளப்பவும் நேரமாயிற்று. இப்போது டிக் சத்தத்தோடு வேறொரு சத்தமும் சேர்ந்திருக்கிறது, யாரோ எஞ்சினுக்குள் இருமுவது போல.

"என்னமோ வண்டி சொணங்குது" என்றார் அப்பா. இழுவை குறைந்தது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அது காலில் தெரிவது.

ஜூலை 20, வெள்ளி

மறுபடி பாய் பட்டறை. இதை எழுதுவதா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்தேன்.

பாய் எஞ்சினை நன்றாக ஆறவிட்டுக் கிளப்பினார். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டார். இடம் மாற்றி மாற்றி வைத்தார். பிறகு அப்பாவிடம் நீட்டினார். "நீங்களே கேளுங்கண்ணா."

அப்பா வாங்கினார். முனையை எஞ்சின்மேல் வைத்தார். பிடியைக் காதுக்குக் கொண்டு போகவில்லை. வாயைத் திறந்து பல்லில் கடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். ரிக்கில் அப்படித்தான் பார்ப்பார்களாம். கம்ப்ரசர் ஓடும்போது காது எதற்கும் ஆகாது, பல்லில் கடித்தால் உள்ளே இருப்பது மண்டைக்குள் வந்து கேட்கும் என்று எப்போதோ என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் முகம் மாறியது. பாட்டுக் கேட்பவர் முகம் போலாகிவிட்டது. வெகுநேரம் எடுக்கவேயில்லை. பாய் கை நீட்டியும் தரவில்லை. முனையை மெல்ல மெல்ல நகர்த்தி ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"மூணாவது சிலிண்டர் பாய். வால்வு ஒக்காரல" என்றார் ஸ்குரூ டிரைவரை வாயிலிருந்து எடுத்துவிட்டு. "அப்பறம் இங்க, சைலன்சர் பைப்பு எஞ்சினோட சேருற எடத்துல காத்துக் கசியுது. டிக் டிக்னு அடிக்குது. இதென்ன, இன்னிக்குத்தான் வந்துச்சா?"

பாய் ஸ்குரூ டிரைவரின் பிடியில் இருந்த பல் தடத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா திரும்பி நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, டீ சொல்லட்டுங்களா?" என்றார் பாய் அவர் முதுகைப் பார்த்து, சாதாரணக் குரலில்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"செங்கோடண்ணா."

பாய் மெதுவாக என் பக்கம் வந்தார். "எத்தன நாளா பாப்பா?"

"சத்தமுங்களா?" என்று கேட்டேன்.

"சத்தத்தக் கேக்கல."

நான் தரையைப் பார்த்தேன். அங்கே எண்ணெய் சிந்தி வானவில் போலப் படர்ந்திருந்தது.

"காலைல குளிர்லதான வந்துச்சு? சூடானா நின்னுருக்கும். பைப்பு சேருற எடத்துல இருக்கற கேஸ்கட்டு கசிஞ்சா அப்பிடித்தான்."

"ஆமாங்க."

"அத அன்னிக்குச் சொல்லியிருந்தா நான் டேப்பெட்டுல கையே வச்சிருக்க மாட்டனே. கேஸ்கட்டு ஒண்ணு மாத்தி அனுப்பியிருப்பேன்." ஸ்குரூ டிரைவரைப் பெட்டியில் போட்டார். "நானும் அவர் தலையாட்டுனதப் பாத்து டைட்டா வச்சுட்டேன். ஏம்மா, ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தோம்.

ஜூலை 22, ஞாயிறு

அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். நான் உட்கார்ந்ததும் என் வாயையே பார்த்தார்.

"பாய் ஒங்கிட்ட என்ன கேட்டாரு?"

"ஒண்ணுமில்லீங்கப்பா."

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"செல்வம் வேலைக்கு நல்ல பையன்தான். ஆனா வாய் நிக்காது. டீக்கடைல ஒக்காந்தான்னா யாரு வீட்டுக் கதைன்னாலும் அளப்பான். ஹாரன் அடிச்சா சொல்லுடான்னு ரெண்டு மொற சொன்னேன். மூணாவது மொற சிரிச்சான். அதான் நிறுத்திப்போட்டேன்." முழங்காலைத் தடவினார். "நீ அப்பிடியில்ல. ஒனக்கு ஒரு வார்த்த வெளிய வராது. ஒன்னய விட்டா எனக்கு யாரு சாமி."

செல்வம் திருப்பூருக்குப் போனார் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் என் ரிப்போர்ட்டில் 'அமைதியான மாணவி' என்று எழுதுவார்கள். அப்பா அதில் கையெழுத்துப் போடுவார்.

எழுந்து போய் அரிசி களைந்து உலை வைத்தேன்.

ஜூலை 26, வியாழன்

வண்டி இன்னும் பட்டறையில்தான். பண்ணையில் வேறு ஒரு வண்டி எங்கள் லோடை ஏற்றுகிறது. ஒன்றாம் தேதிக்குள் வராவிட்டால் அந்த வண்டியையே வைத்துக்கொள்வதாகச் சூப்பர்வைசர் கதிரேசன் அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்.

அப்பா வாசலில் நின்று போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 29, ஞாயிறு

அம்மா இன்று பேசினாள். நான் அடுப்படியில் இருந்தேன். அவள் அப்பாவின் தோளைத் தொட்டது தெரிந்தது.

"ஏனுங்க, பாப்பாவ டுடோரியல்ல சேத்தலாமுங்களா? ஒரு வருசந்தான். வண்டிக்கு வேற ஆளப் பாத்துக்கலாம்."

அப்பாவின் பதில் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். அம்மா சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டது, அது முகத்தில் தெரிந்தது. "நல்லதுதான்" என்றார் கடைசியில். "அவளுக்கு இஷ்டம்னா போகட்டும்." அப்படிச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சந்தையில் பிடித்து நிறுத்திய ஆடு பார்ப்பது போல என்று எழுதினால் தப்பு. ஆனால் அப்படித்தான் பார்த்தார்.

"எனக்குப் படிப்பு வரலீங்கம்மா" என்றேன். "கணக்கு எல்லாம் மறந்து போச்சு. வண்டியே பரவால்ல."

அம்மா உள்ளே வந்து தோசைக்கல்லைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

ஆகஸ்ட் 1, புதன்

வண்டி தயாராகிவிட்டது. ஹெட்டை இறக்கி, வால்வு மாற்றி, கேஸ்கட் மாற்றி, டேப்பெட்டையும் சரியான இடைவெளியில் வைத்துவிட்டார் பாய். குளிர்ந்த எஞ்சினையே கிளப்பிக் காட்டினார். டிக் சத்தம் இல்லை.

சாவியை பாய் கையிலேயே வைத்திருந்தார். அப்பாவின் எதிரில் வந்து நின்று, முகத்துக்கு நேராகப் பேசினார். "பெரியாஸ்பத்திரில காது மிஷின் தர்றாங்கண்ணா. மாட்டிக்கிட்டு ஓட்டுங்க. இதுல என்ன வெக்கம்."

அப்பா சிரித்தார். "எனக்கென்ன பாய், வயசா ஆயிருச்சு?"

"வெளையாடாதீங்க. பஸ்ஸு கதைய நானும் கேள்விப்பட்டேன்."

சிரிப்பு நின்றது. "காதுல மிஷின மாட்டிக்கிட்டுப் போய் நின்னா எவன் பாய் எனக்கு முட்டை ஏத்துவான்? லைசென்ஸு புதுப்பிக்கறப்ப என்ன சொல்லுவான்? எனக்கு வேற என்ன தெரியும்?"

பாய் என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ சொல்லு. உங்கப்பா ஓட்டலாம்னு நீ சொன்னா சாவியத் தர்றேன். வேண்டாம்னா வண்டி இங்கயே நிக்கட்டும், ஒரு டிரைவரப் போட்டு ஓட்டலாம்."

டிரைவரைப் போட்டால் எங்களுக்கு என்ன மிஞ்சும் என்று அவருக்கும் தெரியும். பட்டறையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் கேட்டது நியாயமான கேள்வி. அதை ஏன் என்னிடம் கேட்டார் என்றுதான் அழுகையாக வந்தது.

"நான் கூடவே இருப்பேனுங்க" என்றேன்.

"எத்தன நாளைக்கு?"

கையை நீட்டினேன். பாய் சாவியை என் கையில்தான் வைத்தார்.

வழியெல்லாம் பின்னால் வந்த ஒவ்வொரு வண்டிக்கும் அப்பாவின் கையைத் தட்டினேன், ஹாரன் அடிக்காதவற்றுக்கும்.

ஆகஸ்ட் 2, வியாழன்

பண்ணையில் லோடு ஏற்றினோம். அப்பா குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து கதிரேசன் கூப்பிட்டார். "செங்கோடு, போற வழியில மோகனூர்ல ரெண்டு கடைக்கு எறக்கிட்டுப் போறயா?"

அப்பா முடிச்சை இறுக்கினார். கதிரேசன் மறுபடி வாயைத் திறந்தார்.

"எறக்கிட்டுப் போறோமுங்க" என்றேன். நான் நினைத்ததை விடச் சத்தமாக வந்துவிட்டது. கோழிகள்கூட ஒரு கணம் அடங்கியது போலிருந்தது.

கதிரேசன் என்னைப் பார்த்தார். "அட, இந்தப் பாப்பாவுக்குப் பேச்சு வருமா? இத்தன நாளா ஊமைன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்."

லோடு ஏற்றுகிறவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பா நிமிர்ந்தார். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டு அவரும் சிரிக்கத் தொடங்கினார். அதற்குள் மற்றவர்கள் நிறுத்தியிருந்தார்கள்.

அவர் தனியாகச் சிரிப்பது தெரியாமலிருக்க, நானும் சத்தமாகச் சிரித்தேன்.